சைக்கிள் பயிற்சி என்று பணம் வாங்கி, தனுஷ்கோடியைச் சுற்றிக்காட்டி அனுப்பினார்கள்

பாம்பன், தனுஷ்கோடி பக்கம் "இரண்டு நாள் மவுண்டன் பைக் திறன் பயிற்சி" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ரோன் வீடியோ, இரண்டு பக்கமும் கடல், நடுவில் வரிசையாகச் சைக்கிள்கள். பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் நடத்துகிறவர் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறார்கள், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஆளுக்கு 6,500 ரூபாய், வாடகை சைக்கிளும் அதற்குள் அடக்கம். நானும் என் மச்சினனும் கட்டினோம். பிரேக் பிடிக்கும் முறை, வளைவில் சைக்கிளைச் சாய்ப்பது, மணலில் ஓட்டுவது, மேட்டிலிருந்து இறங்குவது, இத்தனையும் சொல்லித்தருவதாக விளம்பரத்தில் இருந்தது. எனக்கு வேண்டியதும் இதுதான். கொடைக்கானல் பக்கம் மண் பாதைகளில் கூட்டாகப் போகும்போது ஏற்றத்தைச் சமாளித்துவிடுவேன். இறக்கம் வந்தால் விரலெல்லாம் பிரேக்கில் இறுகிவிடும், கடைசி ஆளாகத்தான் கீழே வந்து சேர்வேன்.

விடியுமுன் பாம்பனில் கூடச் சொன்னார்கள். பதினெட்டுப் பேருக்குக் கோச் ஒருவர், கூடக் கேமராவோடு ஒரு பையன். முந்தின வாரம் சைக்கிள் வாங்கியவரும் இருந்தார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியவரும் இருந்தார். யார் எப்படி ஓட்டுவார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை, ஓட்டச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளப்பிவிட்டார்கள். தார் ரோட்டில் நேராக அரிச்சல்முனை.

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி முனை வரைக்கும் போகிற அந்த ரோடு 2017-ல் திறந்தது. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, காற்று மட்டும் உண்டு. முனையில் தூணுக்கு முன்னால் நிறுத்தி வெயில் ஏறும் வரை ரீல்ஸ் எடுத்தார்கள். "எப்பண்ணே சொல்லிக்குடுப்பீங்க?" என்று மச்சினன் கேட்டான். "இது வார்ம்அப் தம்பி, நாளைக்குத்தான் மெயினு" என்றார் கோச். நீச்சல் கற்றுத்தருகிறேன் என்று படகில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கரையில் இறக்கிவிட்ட மாதிரி முதல் நாள் முடிந்தது.

மறுநாள் அரியமான் கடற்கரை. தார் ரோட்டுக்கு இறுக்கி அடித்த காற்றோடு அப்படியே மணலில் இறக்கினார்கள். மணலில் டயர் அகலமாகப் படிந்தால்தான் மேலாகப் போகும். காற்றைக் குறைக்காவிட்டால் முன்சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், ஹேண்டில் திரும்பிக்கொள்ளும். பாதிப் பேர் தள்ளிக்கொண்டுதான் வந்தோம். அப்புறம் கருவ முள் ஏறி வரிசையாகப் பஞ்சர். டயரில் சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றியிருக்கவில்லை, மாற்று டியூப் இரண்டே இரண்டு. ஒட்டுவதற்குத் தனியாக 150 ரூபாய் கேட்டார் கோச். "கருவ முள்ளுக்கு நாங்க என்னண்ணே பண்றது?" ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் கேட்கிற கேள்வி இது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாடம் இருக்கிறதே, அதை விட முடியாது. "முன் பிரேக்கத் தொடவே தொடாதீங்க, தூக்கி எறிஞ்சிரும்." பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் லேசாகிச் சறுக்கத் தொடங்குகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் லேசில் நிற்காது. கையை விறைத்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, நாலு விரலாலும் ஒரேயடியாக இறுக்கும்போதுதான் ஆளைத் தூக்கி எறிகிறது. டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைக் கீழே இறக்கிக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டிப் பழக வேண்டும். அரை மணி நேரத்தில் சொல்லித்தரக்கூடிய விஷயம்.

அடுத்ததாக இரண்டு சிமென்ட் கல்லில் பலகையைச் சாய்த்துப் போட்டு, அதன் நுனியிலிருந்து குதிக்கச் சொன்னார். சீட்டைத் தாழ்த்தச் சொல்லவில்லை, எவ்வளவு வேகத்தில் வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர் நுனிக்கு வந்ததும் பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டார். முன்சக்கரம் செங்குத்தாக இறங்க, ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. முதலுதவிப் பெட்டி என்ற ஒன்றே அங்கே இல்லை. மச்சினன் துண்டால் தூளி கட்டிவிட்டான், ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கோச் வரவில்லை. மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம்.

இதைச் சொன்னதும் சிலர், "மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிள் கத்துக்கப் போனா இப்பிடித்தான்" என்று சிரித்தார்கள். ஊர் என்ன செய்யும்? பிறகு கோயம்புத்தூரில் வேறொருவரிடம் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். அதில் பாதி நாள் சமதளமான விளையாட்டு மைதானத்தில்தான் கழிந்தது. பணம் வாங்குமுன்பே போன் செய்து, என்ன சைக்கிள், எந்த மாதிரி இடத்தில் பயம் வருகிறது என்று கேட்டார், ஓட்டுகிற வீடியோ அனுப்பச் சொன்னார். ஆறு பேர்தான். பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நிற்பது, முழங்கால் முழங்கையை மடக்கி வைப்பது, கோடு போட்டு அதில் முன் பிரேக்கால் மட்டும் நிறுத்துவது. ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு தவறைத் திருத்தி, அது சரியாகும் வரை மறுபடி ஓட்டவிட்டார். சரிவுக்கு மத்தியானம்தான் போனோம். இதற்கெல்லாம் நம் பக்கத்தில் இடமா இல்லை? வற்றிய கண்மாயின் கரைச் சரிவு இறக்கம் பழக அருமையான இடம். பனங்காட்டு ஒற்றையடிப் பாதை வளைவுக்குப் போதும். நல்ல கோச் ஒருவர் இங்கே வந்தால் நானே ஆள் சேர்த்துத் தருவேன்.

ஆகவே கேட்க வேண்டியதைப் போனிலேயே கேளுங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பேர்? ஆறேழுக்கு மேல் என்றால் உங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வோம் என்று கேட்டால் நல்லவர் கடகடவென்று சொல்வார், மற்றவர் இடத்தின் அழகைப் பேசுவார். கற்றுத்தரும் தகுதி எங்கே பெற்றார் என்பதையும் கேளுங்கள். பி.எம்.பி.ஐ.ஏ. போன்ற அமைப்புகள் மலை சைக்கிள் பயிற்றுநர்களுக்கு நிலை நிலையாகச் சான்றளிக்கின்றன, எந்த நிலை என்று கேட்டால் பதில் வர வேண்டும். எங்கள் ஆள் காட்டிய "சர்வதேச சான்றிதழ்" ஏதோ ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டதற்குக் கொடுத்தது. பந்தயம் ஓட்டுவது வேறு வேலை, சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. முதலுதவி தெரிந்தவர் யார், விபத்துக் காப்பீடு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி கோச்சிடம் பணம் திருப்பிக் கேட்டதற்கு, "ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். பில் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள சேவைக்கு 30 நாளில் பணத்தைத் திருப்ப மறுப்பதும் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டுப் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதற்காக ராமநாதபுரம் அலைய வேண்டியதில்லை. அந்த மாணவர் மதுரையிலேயே போடப்போகிறார்.

நான் 1915-ல் பதிந்த பிறகு ஒரு புது நம்பரிலிருந்து கோச் பேசினார். "எழுதாம இருந்தீங்கன்னா பாதி அனுப்பிர்றேண்ணே." முழுசாக அனுப்பினால் பேசலாம் என்றேன், அதோடு சத்தம் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டார், கலைந்த குழுவைப் போனிலிருந்து அழித்துவிட்டவர்களிடம் அதிலிருந்த வாக்குறுதிகள் இப்போது இல்லை. அடுத்த பேட்ச்சுக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் விளம்பரம், ஜிபே ரசீது, குழுவில் அவர் எழுதியது எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.