சான் பிரான்சிஸ்கோவின் ‘ஃப்ரீ சிட்டி’: கட்டணம் போச்சு, வகுப்பு கிடைக்குமா?

சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் நகரவாசிகள் கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்க வழிசெய்யும் திட்டம் ‘ஃப்ரீ சிட்டி’. 2017 இலையுதிர் பருவத்தில் தொடங்கியது. பணம் மாநகராட்சியுடையது, மாநிலத்துடையது அல்ல. ஏன் அப்படி என்பதற்குப் பின்கதை உண்டு.

சிட்டி காலேஜ் ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி. 1984 வரை கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் கட்டணமே கிடையாது. அந்த ஆண்டு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள். மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது கை மாணவர் பைக்குப் போனது: 2009-ல் 26, 2011-ல் 36, 2012 கோடையில் 46. சொத்து வரியை 1978-ன் 13-ஆம் முன்மொழிவு (வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு முடிவெடுக்கும் தீர்மானம்) 1 சதவீதத்தில் கட்டிப்போட்டுவிட்டதால், நகரம் நினைத்தாலும் அந்த வரியை ஏற்றிக் காலேஜைக் காப்பாற்ற முடியாது. மிஞ்சிய வழி வாக்குப்பெட்டி. 2012-ல் மனைக்கு ஆண்டுக்கு 79 டாலர் வரி, 2016-ல் அதுவே 99. அதே தேர்தலில் W முன்மொழிவும் ஜெயித்தது. 50 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோகும் கட்டடங்களின் கைமாற்று வரி உயர்ந்தது. ஃப்ரீ சிட்டிக்கு வழி பிறந்தது.

சேர்வது சிரமமில்லை. மாநிலப் பொது விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பி மாணவர் எண் வாங்கவேண்டும். பிறகு வகுப்பில் பதிந்து, ஃப்ரீ சிட்டி உறுதிமொழிப் படிவத்தைத் தரவேண்டும். மூன்று யூனிட் வகுப்பென்றால் 138 டாலர், முழுநேரமாக 12 யூனிட் என்றால் 552 டாலர் பில்லில் கழிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் கணக்கைத் திறந்து இதைச் சரிபாருங்கள். புத்தகம், உடல்நலக் கட்டணம், சில்லறைக் கட்டணங்கள் உங்கள் தலையில்தான்.

பலர் இடறுவது குடியிருப்பு விதியில். சான் பிரான்சிஸ்கோ முகவரி மட்டும் போதாது. பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் குடியிருந்ததற்கு ஓட்டுநர் உரிமம், வரிப் படிவம் போன்ற சான்று வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் நம்மூர்ப் பெண்களும் இந்தக் காலக்கெடுவை முடித்துவிட்டால் குடியிருப்பு கோரலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அந்த வாசல் கிடையாது. குடியிருப்பு நிரூபணமாகாவிட்டால் யூனிட்டுக்குப் பல நூறு டாலர் பில் வரும்.

இன்னொரு இடறல் பாதியில் விடுவது. பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி தாண்டி வகுப்பை விட்டால், இலவசம் என்று நம்பிய அந்தக் கட்டணம் கடனாக உங்கள் பெயரில் ஏறக்கூடும். முதல் சில பருவங்களில் இப்படிப் பில் வந்து திகைத்தவர்கள் ஏராளம். வகுப்பில் சேரும் அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பெரிய குறை வேறு. மாணவர் கட்டணத்தில் 2 சதவீதம்தான் காலேஜுக்கு மிஞ்சும். மீதி, மாநிலம் தரவேண்டிய தொகையிலேயே கழிந்துபோகும். ஆகவே மாநகராட்சி யூனிட்டுக்குக் கட்டும் 46 டாலர் மாணவர் பையை நிரப்புகிறதே தவிர, காலேஜின் ஓட்டையை அடைக்கவில்லை. 2022 மே மாதத்தில் முழுநேர ஆசிரியர் 38 பேருக்கு வேலைநீக்க உத்தரவு போனது. அதே ஆண்டு நவம்பரில் புதிய மனை வரி கேட்ட O முன்மொழிவு தோற்றது. வாக்காளர் கையும் ஓரளவுக்குத்தானே நீளும்? ஆசிரியர் குறைந்தால் நடத்தும் வகுப்புகளும் குறையும். கட்டணம் இல்லாத வகுப்பு, பதிய முடியாத வகுப்பாகவும் இருக்கலாம்.

மாநிலத்தின் வெட்டுக்கு ஒரு நகரம் தந்த பதில் என்ற வகையில் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் போடலாம். படிப்பை முடிப்பதற்கான உத்தரவாதம் என்று பார்த்தால் பாதிதான். மாலை வகுப்பு தேடுவோர் பதிவு திறக்கும் நாளிலேயே பதிந்து, காத்திருப்புப் பட்டியலிலும் ஒரு மாற்று வகுப்பைப் போட்டுவையுங்கள். ஆங்கிலம் மட்டும் கற்கவேண்டுமானால் பட்டத்துக்குக் கணக்கில் சேராத, கிரெடிட் இல்லாத வகுப்புகள் போதும். அவற்றுக்கு எப்போதுமே கட்டணம் கிடையாது.