ராட்செட் திருப்புளியா, சாதா பிட் திருப்புளியா? சில ஆண்டுகள் புழங்கிப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் மின்சாரம் சாராத வேலைகளுக்கு இப்போது மூன்று திருப்புளிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ராட்செட் வைத்தது; ஒரு பக்கம் திருப்பினால் திருகு சுற்றும், மறுபக்கம் திருப்பினால் பிடி மட்டும் சும்மா திரும்பி வரும். பிட்டுகள், அதாவது கழற்றி மாற்றும் முனைகள், அதன் பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். இன்னொன்று ராட்செட் இல்லாத சாதா பிட் திருப்புளி. தண்டின் நுனியில் காந்தம் வைத்த ஆறுபட்டைக் குழி, அவ்வளவுதான். மூன்றாவது, எந்த இரும்புக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நீளமான ஸ்டார் திருப்புளி. தண்டும் முனையும் ஒரே எஃகு.

முதல் இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் சாதா பிட் திருப்புளியை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல பிட்டுகளில் போடுங்கள். இப்படிச் சொல்வதால் ராட்செட் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கதவுக் கீல் மாற்றும் வேலை வந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

கீலில் போகும் மரத் திருகு நீளமானது. கடைசி வரை இறுக்கமாகவே இறங்கும். சாதா திருப்புளியில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டைத் திருப்பி, மறுபடி பிடிக்க வேண்டும். அப்படித் தளர்த்தும் நொடியில்தான் முனை காடியிலிருந்து லேசாக எழும்பும். ஸ்டார் திருகின் காடிச் சுவர் சரிவானது; விசை கூடினால் முனையைத் தானே வெளியே தள்ளும். முனை ஒருமுறை நழுவினால் காடியின் ஓரம் மழுங்கும், இரண்டாம் முறை இன்னும் எளிதாக நழுவும். ராட்செட்டில் உள்ளங்கை பிடியின் அடியில் அழுத்தியபடியே இருக்கலாம். மணிக்கட்டு மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தால் போதும். விளம்பரங்கள் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்குப் பயன்பட்டது இந்த விடாத அழுத்தம்தான். ஏணியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

தொல்லை வேறிடத்தில் வருகிறது. ராட்செட்டுக்குள் ஒரு பற்சக்கரமும், அதன் பற்களில் வில்லால் அழுத்தப்பட்ட சிறிய நாக்குகளும் இருக்கின்றன. பிடியைப் பின்னால் திருப்பும்போது நாக்குகள் பற்களின் மேல் வழுக்கிச் செல்லும்; கேட்கும் கடகடச் சத்தம் அதுதான். வழுக்கினாலும் அதில் கொஞ்சம் உராய்வு உண்டு. மரத்தில் இறுகிய திருகை அந்த உராய்வு அசைக்காது. கணினிப் பெட்டியின் மூடியில் இருக்கும் திருகு அப்படியல்ல. முதல் சுற்று நன்றாகக் கழலும். அதற்குப் பிறகு திருகு தளர்ந்து, பிடி பின்னால் போகும்போது தானும் கூடவே பின்னால் போகும். சத்தம் ஜோராகக் கேட்கும். திருகு மட்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். இரண்டு விரலால் தண்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் சரியாகும். அல்லது தண்டையே விரலால் உருட்டிவிடலாம். அவ்வளவு தூரம் வந்த பிறகு சாதா திருப்புளியை விரல் நுனியில் வைத்துச் சுழற்றுவதே சுலபம். வீட்டில் நாம் கழற்றி மாட்டும் திருகுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

வாங்குவதற்கு முன் பற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 24 பற்கள் என்றால் 15 பாகை திரும்பினால்தான் அடுத்த பல்லைப் பிடிக்கும். 72 என்றால் 5 பாகை போதும். அலமாரி மூலையில் கை நுழைத்துச் செய்யும் வேலையில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். பல் நுண்ணியதாக ஆக, ஒவ்வொரு பல்லும் சிறியதாகும் என்பதையும் மறக்க வேண்டாம். துருப்பிடித்து இறுகிய திருகின் முதல் அசைவுக்கு நான் ராட்செட்டைப் பயன்படுத்துவதே இல்லை. அதற்கு ஒரே எஃகாலான நீளத் திருப்புளிதான்.

மிக்ஸி கப்ளர், அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் துண்டு, மாற்றுவது ராட்செட்டுக்கு ஒரு விசித்திரமான சோதனை. எங்கள் மிக்ஸியில் கப்ளரின் மரை தலைகீழ். மேலிருந்து பார்த்தால் வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். சுற்றும்போது மோட்டாரும் சேர்ந்து சுற்றாமல் இருக்க, மிக்ஸியைச் சாய்த்து, அடியில் நடுவிலுள்ள துளை வழியாகப் பட்டை முனையை விட்டு, மோட்டார் தண்டின் காடியில் பொருத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ராட்செட்டின் திசையை மாற்றும் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் செருகினால், மேலே கப்ளரும் கீழே தண்டும் ஒன்றாகச் சுழன்று வேடிக்கை காட்டும். வளையத்தை நடுவில், அதாவது பூட்டு நிலையில் வைத்துவிட்டால் குழப்பமில்லை. அப்போது அது விலை கூடிய சாதா திருப்புளி, வேறொன்றுமில்லை.

பிட் மாட்டும் திருப்புளிகள் இரண்டுக்கும் பொதுவான குறை மூக்கின், அதாவது பிட் செருகும் நுனியின், பருமன். பிட்டின் ஆறுபட்டை 6.35 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தால் ஏழு மி.மீ.க்கும் மேல். அதைப் பிடிக்கும் குழி இன்னும் தடிமன். பெட்டியில் வரும் பிட்டுகள் பெரும்பாலும் 25 மி.மீ. நீளம், அதிலும் பாதிக்கு மேல் குழிக்குள் போய்விடும். மிக்ஸியின் அடிமூடி, பொம்மைகளின் பேட்டரி மூடி போன்ற பிளாஸ்டிக் சாமான்களில் திருகு ஆழமான குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே மூக்கு நுழையாது. 50 மி.மீ. பிட்டுகள் சில வாங்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். துளை அதைவிடக் குறுகலாக இருந்தால் மெல்லிய தண்டு கொண்ட பழைய திருப்புளியை எடுப்பதைத் தவிர வழியில்லை. மூக்குக் கண்ணாடியின் திருகுக்கு இவை எதுவுமே ஆகாது. அதற்கு 4 மி.மீ. பிட் செட் தனியாக வேண்டும்.

பிட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் திருகைத் தொடுவது அவைதான். பிடிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கூட வந்த மெத்தென்ற பிட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்2 என்ற கடினமான கருவி எஃகில் செய்த பிஎச்2 (நடுத்தர அளவு ஸ்டார் முனை) பிட்டுகளை நான்கைந்தாக வாங்கி வையுங்கள். வீட்டு வேலையில் அதிகம் தேய்வது அந்த அளவுதான். சமையலறை அலமாரிக் கதவின் உள்கீலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல கீல்களில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் குறுக்காகத் தெரியும். அது போசிடிரைவ்; பிஇசட்2 பிட்தான் அதில் சரியாக அமரும். ஸ்டார் முனையை விட்டாலும் சுற்றும், ஆனால் ஆடும். நாளடைவில் காடி கெடும். முனையை மாற்றிக்கொள்ளும் இந்த வசதிக்காகத்தான் பிட் திருப்புளி என் கைக்கு அடிக்கடி வருகிறது, ராட்செட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எஸ்2 துருப்பிடிக்காத எஃகு அல்ல. கடற்காற்று படும் ஊர்களில் லேசாக எண்ணெய் தடவி வைப்பது நல்லது.

பராமரிப்பு என்று பார்த்தால் சாதா திருப்புளிக்கு ஒன்றுமே தேவையில்லை. காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகளைத் துடைத்தால் போதும். ராட்செட்டில் நாளாக ஆக உள்ளே இருக்கும் கிரீஸ் தூசியோடு சேர்ந்து கெட்டியாகிறது. நாக்கு சோம்பேறியாகி, சில சமயம் பல்லைப் பிடிக்காமல் விட்டுவிடும். வளையத்தின் இடுக்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பத்து இருபது முறை திருப்பினால் பழைய சத்தம் வந்துவிடுகிறது.

மின்சார வேலைக்கு இவை இரண்டையும் நான் எடுப்பதில்லை. பிடி பிளாஸ்டிக்காக இருந்தாலும் தண்டு முழுக்க வெற்று உலோகம். 1000 வோல்ட் குறியிட்ட, நுனிவரை உறை போட்ட திருப்புளி தனியாக இருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் அதைத்தான் எடுக்கிறேன்.

கடையில் ராட்செட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிட்டை விரல் நுனியால் மெல்லப் பிடித்துக்கொண்டு பிடியைப் பின்பக்கமாகத் திருப்புங்கள். பிட் விரலை இழுத்துக்கொண்டு சுழன்றால், வீட்டில் தளர்ந்த திருகும் அதையேதான் செய்யும். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.