கடை மாவா, மிக்சியா, கிரைண்டரா: மதுரை வெயிலுக்கு எது தோது?

செல்லூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இட்லி மாவு என்பது ஒரு கவலையே இல்லை. சாயங்காலம் ஆனால் தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலில் 'இங்கு இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்கும், தூக்குவாளியோடு போனால் கரண்டிக் கணக்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம், நடுவில் கொஞ்ச காலம் மிக்சியில் அரைத்தோம், இப்போது இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி வைத்திருக்கிறோம். இனி திரும்பிப் போவதாக இல்லை. அக்கம்பக்கத்தில் 'வாங்கலாமா, இடத்தைத்தான் அடைக்குமா' என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் கிரைண்டர் பக்கம்தான் சாய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும், அதே அளவு மாவைக் கடையில் வாங்கினால் ஆகும் காசு இதைவிடக் கூடத்தான். இந்த அளவு கிரைண்டர்களில் பெரும்பாலும் 150 வாட் மோட்டார்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் முழுசாக ஓடினாலும் கால் யூனிட் வராது. ஆனால் கிரைண்டரின் விலையே சில ஆயிரம். காசு மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து வாங்கினால் அந்தப் பணம் திரும்ப நாளாகும், அதனால் விலையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

மிக்சியைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசியை மிக்சி நன்றாகவே அரைத்துவிடும், லேசான ரவைப் பதத்தில் எடுத்தால் குறை சொல்ல முடியாது. உளுந்தில்தான் சிக்கல். பிளேடு சுற்றும் வேகத்தில் ஜார் சூடாகும், உளுந்தும் சூடாகிப் பிசுபிசுவென்று வரும். கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டினால் அதே உளுந்து பொங்கிப் பொங்கி வரும், ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிக்சியில் ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டினால் ஓரளவுக்கு வரும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, வாரத்துக்கு ஒரு தடவை தோசை ஊற்றினால் போதும் என்றால் மிக்சியே போதும், தோசைக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. இட்லி என்று வந்தால்தான் தெரியும்.

அப்படியானால் கடை மாவுக்கும் வீட்டு மாவுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. ருசி, சுத்தம் என்று எல்லோரும் சொல்வதைத் தாண்டி, என்னைப் பொறுத்தவரை முடிவு செய்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மாவு எப்போது அரைத்தது என்பது யாருக்குத் தெரியும்?

மாவைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கின்றன, நாம் வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. அவற்றில் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் வாயுவை வெளியிட்டு மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமானது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொங்கி உச்சத்தில் நிற்கிற நேரத்தில் தட்டில் ஊற்றினால் இட்லி பஞ்சு. அந்த நேரம் தாண்டினால் புளிப்பு ஏறும், குமிழ்கள் உடைந்து மாவு அமுங்கும், இட்லி தட்டையாக வரும். தோசைக்கு இது பெரிய குறையில்லை, கொஞ்சம் புளித்த மாவில்தான் தோசை சிவந்து முறுகும். ஆனால் இட்லிக்கு ஒரு நேரம் உண்டு, அது சில மணி நேரம்தான்.

இதில் நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் 40 டிகிரியை ஒட்டிப் போகிற ஊர் இது. ராத்திரியும் சுவர் சூடு இறங்காது. மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிற மாவு கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். வாசலில் மாவு விற்கும் அக்கா காலையிலோ மதியமோ அரைத்திருப்பார், சாயங்காலம் நம் வாளிக்கு வரும்போதே அது பாதி வழி வந்திருக்கும். ராத்திரி இட்லி ஊற்றினால் சரி, அருமையாகவே இருக்கும். வெளியில் வைத்திருந்து காலையில் ஊற்றலாம் என்று நினைத்தால் நேரம் போயிருக்கும். உடனே ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதன் வேகம் குறையுமே தவிர, ஏற்கெனவே புளித்தது புளித்ததுதான். விற்பவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு நேரத்துக்கு அரைக்கிறார், நம் வீட்டு நேரம் அதுவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டில் அரைத்தால் அந்த நேரம் நம் கையில் இருக்கும். கோடையில் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு அரைத்து வைத்தால் விடிந்து எழும்போது மாவு சரியாகப் பொங்கி நிற்கும். மார்கழியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். உப்புப் புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதனால் வெயில் காலத்தில் அரைத்ததுமே கல் உப்புப் போட்டுக் கரைத்துவிடுகிறோம், குளிர் நாளில் பொங்கிய பிறகு போடுகிறோம். இன்னொன்று, கடை மாவில் செய்யவே முடியாதது: அரைத்த மாவைப் புளிக்கவிடாமலே பாதியை நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. வேண்டுகிற நாளுக்கு முந்தின ராத்திரி அதை வெளியில் எடுத்து வைத்தால் மறுபடியும் முதல் நாள் இட்லி. குளிர்ந்த மாவு என்பதால் பொங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு எடுத்தால் போதும். எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்ததால் கிடைத்த பெரிய லாபம் இதுதான். ஒரே தடவை அரைக்கிறோம், வாரத்தில் இரண்டு காலை துணி போட்டு அவித்த இட்லி, சாம்பார்கூட வேண்டாம், காரச் சட்னியும் தேங்காய்ச் சட்னியும் போதும்.

மாவின் வயது தெரிந்துவிட்டால் சமையலும் தானாக அமைந்துவிடுகிறது. முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, அப்புறம் ஊத்தப்பம். கடைசியில் வாளியடியில் நிற்கிற புளித்த மாவில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கடலைப் பருப்பு எல்லாம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். பிள்ளைகள் பணியார நாளுக்காகவே காத்திருக்கிறார்கள். அரைக்கும்போது அடுப்படி முழுக்க வரும் உளுந்து வாசமும், கடைசியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி அடியிலிருந்து கையால் கரைத்துவிடுகிற அந்த இரண்டு நிமிடமும் எனக்குப் பிடித்த வேலைகள். கையால் கரைத்தால் நன்றாகப் பொங்கும் என்று அத்தை சொல்வார். அது கைச்சூட்டால் இருக்கலாம், அடிவரை நன்றாகக் கலப்பதால் இருக்கலாம், எப்படியும் நான் கரண்டி போடுவதில்லை.

சரி, கிரைண்டரின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கழுவுவதுதான் கஷ்டம். டிரம்மும் கல்லுமாகச் சேர்ந்து நல்ல கனம், முதுகு வலி இருப்பவர்கள் தனியாகத் தூக்க வேண்டாம். அரைத்து முடித்த கையோடு கழுவினால் பத்து நிமிட வேலை, காயவிட்டால் மாவு கல்லில் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும். கடைசி மாவை வழித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓடவிட்டு, அந்தத் தண்ணீரையே மாவில் சேர்த்துக்கொண்டால் கழுவலும் பாதியாகிவிடும், மாவும் வீணாகாது. பெல்ட் தேயும், மாற்ற வேண்டி வரும், உள்ளே மாவு வழிக்கிற பிளாஸ்டிக் துடைப்பானும் அப்படித்தான். கரண்ட் விஷயமும் ஒன்று உண்டு: பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தால் அதைப் பார்த்துவிட்டு அரிசியை ஊறப்போடுங்கள், ஊறிய அரிசி வெயில் நாளில் ரொம்ப நேரம் காத்திருக்காது.

கம்பெனிப் பாக்கெட் மாவை நான் அவசரத்துக்கு மட்டும்தான் வாங்கியிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி அழுத்தமாகப் பேச மாட்டேன். தேதி போட்டிருப்பார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் கடைக்காரர் அதை எந்தக் குளிரில் வைத்திருந்தார் என்பதைத் தேதி சொல்லாது, பாக்கெட் உப்பியிருந்தால் தவிர்த்துவிடுவேன். சாய்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டரைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பார்த்ததோடு சரி. மாவு எடுக்கச் சுலபம் என்கிறார்கள், தினசரிப் புழக்கத்தில் எப்படி என்பதை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் இட்லியே வேண்டாம், ராத்திரிதான் இட்லியும் தோசையும் என்கிற வீடாக இருந்தால், நம்பிக்கையான ஒரு வாசல் மாவுக் கடை பக்கத்தில் இருந்தால், கிரைண்டர் வாங்காதீர்கள், தேவையே இல்லை. காலை இட்லி வேண்டும் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது டிரம்மைக் கல்லோடு ஒரு தடவை கையால் தூக்கிப் பாருங்கள், பெல்ட்டும் துடைப்பானும் தனியாக மதுரையிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்றாலும், பெல்ட் மாற்ற அவ்வளவு தூரம் போக முடியாது. அப்புறம் உளுந்து. கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் புது உளுந்தா என்று கேட்டு வாங்குங்கள். பழைய உளுந்து என்றால் எந்தக் கிரைண்டரில் ஆட்டினாலும் அவ்வளவாகப் பொங்காது.