பிரஸ்ஸல்ஸ் ஃபாஸ்டெம்: ஸ்டாலுக்குப் பின்னால் நின்று பார்த்தது

திறந்த மூல மென்பொருள் ஆட்கள் கூடும் ஃபாஸ்டெம் மாநாட்டில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஸ்டாலில் தன்னார்வலராக இரண்டு நாள் நின்றேன். ஃபாஸ்டெமுக்குக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது, யூஎல்பி பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்துக்குள் யார் வேண்டுமானாலும் நேராக நடந்து போகலாம். அதனாலேயே கூட்டம் அள்ளும். அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை (பாதுகாப்பு விதி, நியாயம்தான்). உரைகள் நேரலையிலும் வருவதால் பெரிய நஷ்டமில்லை.

விளம்பரம் என்று பார்த்தால், இங்கே பிரசங்கம் எடுபடாது. ஆட்களை இழுப்பது போஸ்ட்கிரெஸ் சின்னமான நீல யானைப் பொம்மையும் ஸ்டிக்கரும்தான், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். "மைஎஸ்க்யூஎல் போதுமே, எதுக்கு மாறணும்?" என்று அந்த இன்னொரு டேட்டாபேஸை ஓட்டும் ஒருவர் கேட்டார். 2014-இல் 9.4 பதிப்போடு வந்த, ஜேசன் வடிவத் தரவைச் சேமித்துத் தேட உதவும் ஜேசன்பி வகையைப் பற்றி வாயால் விளக்கிப் பார்த்தேன், அவர் முகத்தில் சலனமே இல்லை. லேப்டாப்பைத் திருப்பி, தேடலை வேகமாக்கும் ஜின் இன்டெக்ஸ் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே க்வெரியை எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் (க்வெரி எப்படி ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கட்டளை) போட்டுக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வந்ததே, போஸ்ட்கிரெஸில் செத்துப்போன பழைய வரிசைகளைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்யூமைத் திட்டத்தான். திட்டட்டும், தினமும் ஓட்டுகிறவர்தானே திட்டுவார்!

சாப்பாடு வெளியே நிற்கும் வண்டிகளில், வரிசை நீளம், குளிர் அதைவிட நீளம். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து 71-ஆம் எண் பஸ் பிடித்தால் போதும். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் மட்டும் இரண்டு மடங்கு கொண்டுபோங்கள், எங்களுடையது சனிக்கிழமை மதியமே தீர்ந்துவிட்டது.