பெண் பைற்றர்களுக்குத் துணை: கடை மீனா, வாய்க்கால் மீனா?

எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் மாதம் ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு தகடு தகடாகப் பெயர்ந்து வரும். தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். கிளிநொச்சிப் பக்கத்தில் கிணற்றை நம்பியிருக்கும் பல வீடுகளில் இது அன்றாடக் காட்சி. மீன் தொட்டிக்கு நான் அள்ளி ஊற்றுவதும் அதே தண்ணீர்தான். இதை நினைத்துப் பார்க்காமல் கடைக்குப் போனதால் பத்து நியோன் ரெட்ரா மீன்களை இழந்தேன்.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 75 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே ஆறு பெண் பைற்றர்கள், அதாவது சண்டை மீன்கள், ஒரே தொட்டியில் ஒன்றாக வளர்ந்தவை. பெண்கள்தானே, அடங்கிக் கிடக்கும் என்று எண்ணக்கூடாது. இரண்டு மூன்றை மட்டும் விட்டால் பலமானது மற்றதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். ஐந்தாறு இருந்து, செடியும் அடர்ந்திருந்தால் கோபம் பலர்மேல் பங்கிடப்படும். அப்படியிருந்தும் ஒன்றை நான் தனியாகப் பிரிக்கவேண்டி வந்தது. துணை மீன் விட்டால் சண்டை ஓயும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். மற்றவற்றின் உடலில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் விழுந்து, அவை மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், முதலில் அந்தச் சண்டைக்காரியை வெளியே எடுங்கள்.

இனித் துணைகளைப் பார்ப்போம். தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும் சக்கர் வேண்டவே வேண்டாம். இன்று விரல் நீளம் இருப்பது ஓரடியையும் தாண்டி வளரும். வளர்ந்தபின் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இலங்கையின் நீர்த்தேக்கங்களில் அது பெருகிக் கிடப்பது இப்படித்தான். கப்பிக்கு எங்கள் தண்ணீர் மிகவும் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆண் கப்பியின் விசிறி வாலைப் பார்த்த பைற்றர் அதை இன்னொரு பைற்றராகவே எண்ணுகிறது. அயல்வீட்டுத் தொட்டியில் ஒரே வாரத்தில் நாலு கப்பிகள் வாலில்லாமல் நீந்தியதைப் பார்த்தேன். பெண் கப்பிகளை மட்டும் விடலாம் என்பார்கள். வாங்கும்போதே சினையாக இருக்கும், அதனால் குஞ்சுகளுக்கும் இடம் பார்க்க வேண்டும்.

நியோன் ரெட்ராவின் அழகை நான் மறுக்கவில்லை. கூட்டமாகத் திரும்பும்போது நீலக்கோடு ஒரே நேரத்தில் மின்னும். பைற்றர்களும் அவற்றை அதிகம் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் அது அமேசன் படுகையின் மென்மையான, அதாவது சுண்ணாம்பு குறைந்த, சருகு ஊறிய தண்ணீருக்குப் பழகிய இனம். 26 பாகை செல்சியசுக்கு மேல் போகாத தண்ணீர்தான் அதற்குச் சுகம். பங்குனி சித்திரையில் எங்கள் தகரக் கூரையின் கீழ் தொட்டி 31 பாகையைத் தொடுகிறது. மூன்று வாரத்தில் எட்டு போயின. மிஞ்சிய இரண்டும் மாதம் முடியும்வரை நிலைக்கவில்லை.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர்தான். அதுவும் கிணற்றிலிருந்து அள்ளும் நாளில் இருக்கும் தண்ணீர் அல்ல, சோளகக் காற்று வீசும் மாதங்களில் தொட்டிக்குள் மெல்ல மெல்ல மாறிப்போகும் தண்ணீர். சொட்டு மருந்துச் சோதனையில் என் கிணற்றின் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்த சுண்ணாம்பின் அளவு, 20 டிகிரி. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வாரம் 5 லீற்றர் ஆவியாகிறது. ஆவியாவது வெறும் தண்ணீர்; சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை மட்டும் கிணற்று நீரால் நிரப்பினால் வாரத்துக்கு ஒன்றேகால் டிகிரிக்கு மேல் ஏறும். ஒரு மாதத்தில் 25ஐத் தாண்டும். சரி, ஒழுங்காக வாரம் 15 லீற்றர் அள்ளிக் கொட்டி 20 லீற்றர் விடுகிறேன் என்று வையுங்கள். அப்போதும் கணக்குப்படி அது ஏறி ஏறி 26, 27இல் போய்த்தான் நிற்கும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேல் படியும் வெள்ளைக் கோடு இதற்குச் சாட்சி.

இதைத் தவிர்க்க ஒரே மலிவான வழி, ஆவியானதை மழைநீரால் ஈடுசெய்வது. மாரியில் பரல்களில் பிடித்து, நுளம்பு புகாமல் துணியால் இறுகக் கட்டி, ஆவணிவரை காக்க வேண்டும். வவுனியாவில் என் மைத்துனர் அப்படித்தான் செய்கிறார். அவருடைய தொட்டியில் வெண்கல நிறக் கொரிடோராஸ் ஆறு நன்றாக இருக்கின்றன. மணலை மீசையால் கிளறி, மிஞ்சிய உணவைப் பொறுக்கி, யாருடைய வம்புக்கும் போகாத மீன் அது. பகலிலும் கண்ணுக்குத் தெரியும். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அது பெரிய விடயம். நான் அதை வளர்த்ததில்லை. இடைவிடாத பரல் பராமரிப்பு உங்களுக்கு முடியுமென்றால் கொரிடோராஸ் நல்ல தெரிவு என்றே சொல்வேன்.

எனக்கு அது முடியவில்லை. ஆகவே வாய்க்காலுக்குப் போனேன்.

சிறுபோகம் முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனபின், ஆங்காங்கே தேங்கிய குட்டைகளைப் பிள்ளைகள் பழைய சாரத்தால் வாரிக்கொண்டிருந்தார்கள். வந்ததில் பாதி சேறு, பாதி குறவைக் குஞ்சு. இடையில் சுண்டுவிரல் நீளத்தில், மணல் நிறத்தில், பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகளோடு துள்ளியது அயிரை இனத்துச் சிறுமீன். அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். கையில் எடுத்தால் உள்ளங்கை ரேகைக்குள் நுழைந்துவிடப் பார்ப்பதுபோல் தலையால் முட்டும். கணுக்கால் ஆழமுள்ள, வெயிலில் கொதித்த அந்தக் குட்டையில் அது உயிரோடு இருந்ததே எனக்குப் போதுமான சான்றாகப் பட்டது.

சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறையும். 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கரைந்து நிற்பது, 30இல் ஏழரையாகும். பைற்றருக்கு அது பெரிய தடையல்ல. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் மேலே வந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அயிரையும் காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும். மின்சாரம் நின்று காற்றுப் பம்பு ஓய்ந்த ஒரு மாலையில், இரண்டும் மாறி மாறி மேற்பரப்புக்கு வந்துபோவதைப் பார்த்தேன். பைற்றர் ஆறுதலாக வந்து வாயைத் திறந்தது. அயிரை அம்புபோல் ஏறி, ஒரு குமிழியை விட்டுவிட்டு மணலுக்குத் திரும்பியது. பைற்றரின் பூர்வீகமும் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும்தான். தொட்டியில் மேல்தட்டு அதற்கு, மணல் அயிரைக்கு. ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடுவதில்லை.

அயிரையிடம் குறைகளும் உண்டு. பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கண்கள் மட்டும் தெரியக் கிடக்கும். விளக்கை அணைத்தபின்தான் நடமாட்டம். புதிதாக நட்ட செடியைப் பிடுங்கி எறியும். மூடி இல்லாவிட்டால் பாயும், ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே காற்றுக்கு இரண்டு அங்குலம் விடவேண்டும். வயலில் மருந்தடித்த நாட்களில் பிடித்தவற்றைத் தொடவே கூடாது. வெளியில் பிடித்த எதுவும் ஒட்டுண்ணியோடு வரலாம் என்பதால் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்தேன். ஐந்து பிடித்ததில் ஒன்று அங்கேயே இறந்தது. மற்ற நாலும் ஒரு சோளகத்தைக் கடந்துவிட்டன. ஒரு வருட அனுபவத்தை மட்டும் வைத்து இதற்குமேல் உறுதி சொல்ல மாட்டேன்.

மணலுக்கு முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகாதீர்கள். அதில் சிப்பித் தூள் கலந்திருந்தால் கடினத்தன்மையை இன்னும் ஏற்றும். கொஞ்சம் மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். கூரில்லாத நைஸ் ஆற்றுமணலே நல்லது. அயிரையை இடம் மாற்றும்போது வலையைப் பாவிக்க வேண்டாம். அதன் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முள் உண்டு, பயந்தால் அதை விரித்துக்கொள்ளும். வலைநூலில் சிக்கினால் எடுப்பதற்குள் கண்ணையே காயப்படுத்திவிடுவோம். நான் ஒரு கண்ணாடிக் கிளாஸைச் சரித்துப் பிடித்து, மறுகையால் மெல்ல உள்ளே ஓட்டுகிறேன்.