இயங்கலையில் இதழியல் பட்டம்: சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் மலேசியாவின் கோலகங்சார் வட்டாரத்திலிருந்து தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் தம்பி ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டார். நான் படித்து முடித்த அதே பல்கலைக்கழகம், அதே பட்டம். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கட்டணக் கழிவாம். கீழே “அக்கா, சேரலாமா?” என்று ஒரு கேள்வி. எனக்கு அடிவயிறு எரிந்தது. ஊழியர் சேமநிதியில் கைவைத்து முழுப் பணமும் கட்டியவள் நான். ஆகவே இதில் கொஞ்சம் புகைச்சல் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வகுப்பு, பாடத்தளம், பருவத் தேர்வு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வு) படிப்பை நிறுத்தியவள் என்பதால் ஏபெல் (முன் அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் முறை) வழியாக நுழைந்தேன். 21 வயதும் வேலை அனுபவமும் இருந்தால், தகுதித் தேர்வு எழுதி, அனுபவக் கோப்பு கொடுத்து இளங்கலையில் சேர்ந்துவிடலாம். எனக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிசில் கிராணி (எழுத்தர்) வேலை. விடியற்காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு குலைக் கணக்கு, மில்லுக்குப் போகும் லோரிச் சீட்டு, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல். பிள்ளைகள் தூங்கியபின் வகுப்பு. தோட்டத்துப் பக்கம் சிக்னல் கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள். அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. பாடாய்ப் படுத்தியது வேறொன்று.

டர்னிட்டின்.

எந்தப் பயிற்சியையும் அதற்குள் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். இணையத்திலும் பழைய மாணவர் கட்டுரைகளிலும் இருக்கும் வரிகளோடு ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று அது சொல்லும். எங்கள் இடத்தில் முப்பதைத் தாண்டினால் கட்டுரை திரும்பி வந்துவிடும். நிர்வாகவியல் படிப்பவருக்கு அது சரி. செய்தி எழுதுபவர் என்ன செய்வது? அமைச்சின் நீளமான பெயர், சட்டமன்ற உறுப்பினரின் டத்தோ பட்டம், சட்டத்தின் முழுப்பெயர், பெர்னாமா செய்தி நிறுவனம் வெளியிட்ட மேற்கோள் எல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு வந்து நிற்கும். கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் பெயரை மலாயில் முழுதாக எழுதினாலே சிவப்பு. அதை வேறு எப்படி எழுதுவதாம்?

வகுப்பு நண்பர்கள் புலனக் குழுவில் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். மேற்கோளில் இரண்டு சொல்லை மாற்று. “சொன்னார்” என்பதை “வலியுறுத்தினார்” ஆக்கு. விழுக்காடு இறங்கிவிடும். இறங்கத்தான் செய்தது, நாற்பதில் நின்றவர்கள் இருபதுக்கு வந்தார்கள். ஆனால் அமைச்சர் போகிற போக்கில் சொன்னதை வலியுறுத்தினார் என்று எழுதினால் செய்தியே வேறாகிவிடுகிறதே. ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தொடாதே என்று முதல் பருவத்தில் பாடம் நடத்தினார்கள். தொட்டால்தான் தேர்ச்சி என்று இரண்டாம் பருவத்தில் ஓர் இயந்திரத்தைக் காவலுக்கு வைத்தார்கள். இதழியல் பட்டத்துக்குள்ளேயே இது நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதி டர்னிட்டினிலேயே உண்டு. விரிவுரையாளர் பக்கம் ஒரு பெட்டியைத் தட்டினால் முடிந்தது. துறைக்கு எழுதிக் கேட்டேன். எல்லாத் துறைக்கும் ஒரே அமைப்புதான் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், பதிலே இல்லை. இந்த விழுக்காடு ஒரு குறிப்புதான், திருட்டா இல்லையா என்பதை ஆசிரியர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அந்த மென்பொருள்காரர்களே சொல்கிறார்கள். எங்கள் இடத்தில் எண்ணைப் பார்த்ததோடு சரி.

பார்க்கிற ஆளே இல்லையா என்றால், ஒருவர் இருந்தார். செய்தி எழுதும் பாடத்துக்கு வந்த பகுதிநேர விரிவுரையாளர், முன்னாள் நிருபர். ஓரத்தில் அவர் போடும் குறிப்பு பெரும்பாலும் இரண்டே சொல்: “சியாப்பா காத்தா?” யார் சொன்னது? “குடியிருப்பாளர்கள் அதிருப்தி” என்று ஒரு வரி வந்தால் போதும். எத்தனை வீடு, எந்த லயம், யாரிடம் பேசினீர்கள், மறுதரப்புக்குப் போன் போட்டீர்களா, எத்தனை மணிக்கு என்று அடுக்குவார். அண்டைத் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கி வருவதைப் பற்றி எழுதியபோது, தண்ணீர்த் தொட்டியின் மூடி எங்கே என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூடி ஒரு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தது. அந்த ஒரு வரிக்காகவே ஏ கொடுத்தார் மனிதர்.

அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கோயில் ஆண்டுக்கூட்ட அறிக்கையில் “பக்தர்களின் ஏகோபித்த ஆதரவுடன்” என்று பார்த்தால் வாய் தானாகவே சியாப்பா காத்தா என்கிறது. வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் இப்போது கூட்டத்துக்குப் போவதில்லை.

சம்பளம் தரும் தோட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பதும் அந்த விரிவுரையாளர் போட்ட விதிதான். நியாயம். ஆனால் இந்த ஊரில் சம்பந்தமில்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது? மளிகைக்கடைக்காரர் சம்பந்தி வழி, கட்சிக் கிளைத் தலைவர் ஒன்றுவிட்ட அண்ணன், அண்டைத் தோட்டத்து மேனேஜரின் டிரைவர் அடுத்த வீடு. பாடத்தொகுதியில் வரும் செய்தியறை எப்போதும் கோலாலம்பூரில்தான் இருக்கிறது.

கொடுத்த காசுக்கு நியாயமாக இருந்தது சட்டப் பாடம். 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தில் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012-இல் நீங்கியது, உரிமம் நீங்கவில்லை. 1972 அரசாங்க ரகசியச் சட்டம், 1948 நிந்தனைச் சட்டம், 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு. இந்தக் கடைசி ஆசாமி நிருபரை மட்டும் பார்ப்பதில்லை, புலனத்தில் கண்டதையும் தட்டிவிடும் நம் சித்தப்பாமார்களையும் சேர்த்தே பார்க்கிறார். தகவல் தந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கும் நிருபரைக் காப்பாற்ற இங்கே தனிச் சட்டம் கிடையாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. தம்பி, தோட்டத்து ஆளிடம் “உங்க பேரு வெளியே வராதுண்ணே” என்று வாக்குக் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்தது இன்னொன்று. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவசரகாலம் வந்ததும் ஊரில் பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் கதை. ஊர் வரலாற்றுப் பயிற்சிக்காகத் தேடியபோதுதான் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் கண்ணில் பட்டது. அந்த மாதத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பக்கம் பக்கமாக இருக்கிறது, பழைய தமிழ் முரசும் இருக்கிறது. கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே பல இரவு விடிந்திருக்கிறது. சல்லிக்காசு செலவில்லை. இதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு நல்லதைச் சொன்னவள் சேருங்கள் என்றுதான் முடிக்க வேண்டும். முடிக்க மனம் வரவில்லை. பட்டம் வந்தால் உங்கள் பத்திரிகை சன்மானத்தை ஏற்றுமா? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் கடையைச் சாத்திவிட்டது. வேலை உயர்வுக்காக என்றால் வேண்டாம். அந்த விரிவுரையாளரின் ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. யார் சொன்னது? அவரேதான் சொன்னார். அவர் இல்லாத அந்தப் படிப்பில் மிச்சம் இருப்பது டர்னிட்டினும் கட்டணக் கழிவும்தான். வேண்டாம் தம்பி.

அப்படியும் சேருவேன் என்று நின்றால், பட்டம் எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேற்கோளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு உதவாது. என் பாடத்தொகுதிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப் பாடத்தை மட்டும் தரமாட்டேன்.