கிரிக்கெட் பூச்சிப் பெட்டி: மூன்று வருடமும் மூன்றாவது மூடி வலையும்

கீழக்கரையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "பியர்டட் டிராகன் பல்லி வாங்கப் போறேன், நீ வச்சிருக்கிற பூச்சிப் பெட்டியையே நானும் ஆர்டர் போட்டுடவா?" அன்று காலையில்தான் அந்தப் பெட்டியின் மூடி வலையை மூன்றாவது முறையாக மாற்றி முடித்திருந்தேன், விரலில் ஒட்டிய பசைகூடப் போகவில்லை. அதனால் அவனிடம் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், பெட்டியில் இருக்கும் நல்லதையும் சேர்த்து.

எங்கள் வீடு மண்டபம் ஊரில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. மணி என்று ஒரு பியர்டட் டிராகன் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது தினமும் பூச்சிதான் சாப்பாடு, வளர்ந்த பிறகு கீரையும் காயும்தான் அதிகம், வாரத்தில் மூன்று நாள் பூச்சி. கடையில் ஐம்பது ஐம்பதாக வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வரும் வழியிலேயே பாதி செத்துப்போகும். அதனால்தான் கிரிக்கெட் வளர்ப்பதற்கென்றே விற்கும் பெட்டியை வாங்கினேன். சுவர்க்கோழி என்று பாட்டி சொல்லும் அதே இனம்தான்.

முதலில் நல்லது. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் சல்லடைத் தளம், அதற்குக் கீழே இழுத்து எடுக்கிற தட்டு. பூச்சிகளின் புழுக்கை, உதிர்ந்த தோல், தவிட்டுத் தூள் எல்லாம் கீழே விழுந்துவிடும். தட்டை இழுத்து மல்லிகைச் செடிக்குக் கொட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது, மேலே ஒரு பூச்சியையும் தொட வேண்டியதில்லை. கிரிக்கெட் வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சாதாரண டப்பாவில் ஒவ்வொரு வாரமும் பூச்சிகள் ஒண்டிக்கொள்ளும் கோழிமுட்டை அட்டையை உதறி, ஐந்நூறு பூச்சியை இன்னொரு டப்பாவுக்கு மாற்றி, அதில் நாலு தாவி ஓடி, அதன் பின்னாடி நாமும் ஓடி... அதெல்லாம் இதில் இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை மட்டும் இதில் விட முடியாது, சல்லடை வழியாக விழுந்துவிடும், அவற்றுக்குத் தனி டப்பா வேண்டும். பக்கச் சுவர் வழவழப்பு, ஒரு பூச்சிகூட ஏறாது. மூன்று வருடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் மூடி. அந்த மூடியைப் பற்றி எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்தபோது அதில் இருந்தது துத்தநாகம் பூசிய இரும்பு வலை. நாலாவது மாதம் மூலையில் செம்மண் நிறம் தெரிந்தது, ஏழாவது மாதம் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. துருத் தூள் பூச்சிகளின் தீவனத்திலும் விழுந்தது. ஒரு நாள் இரவு பீரோவுக்குப் பின்னால் சத்தம் கேட்க ஆரம்பித்தது, அப்புறம் கட்டிலுக்கு அடியில், அப்புறம் அடுப்படியில். அம்மா நாலு நாள் தூங்கவில்லை. அவசரத்துக்கு நைலான் கொசுவலையைக் கட்டினேன், பத்தே நாளில் கடித்து ஓட்டை போட்டுவிட்டன. கிரிக்கெட்டின் வாய்க்கு நைலான் எம்மாத்திரம். பிறகு ஹார்டுவேர் கடையில் எஸ்.எஸ். வலை, அதாவது துருப்பிடிக்காத எஃகு வலை என்று கேட்டு வாங்கினேன், 304 தரம். அது நன்றாகத்தான் உழைத்தது, ஆனால் விளிம்பில் பசைக்கு அடியில் ஈரம் தங்கும் இடத்தில் கம்பி அரித்து இந்த மாதம் அறுந்தது. விசைப்படகுகளுக்கு வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, உப்புக் காத்துக்கு 316 வாங்கணும், அதுல மாலிப்டினம் இருக்கு" என்றார். இப்போது போட்டிருப்பது அதுதான்.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டதே இந்தக் காற்றுக்குப் பயந்துதான். நாடு முழுக்க அனுப்பி விற்கிற ஒரு பெட்டி, கடலோரத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். விற்றவருக்கு எழுதினேன், "ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்" என்று பதில் வந்தது. மண்டபத்தில் ஈரமில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்?

துருவைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இந்தப் பெட்டிக்குக் காற்று மேலே இருந்து மட்டும்தான், பக்கவாட்டில் ஒரு துளைகூட இல்லை. முதல் ஐப்பசியில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்தபோது நாற்றம் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "தம்பி, உங்க வீட்டுல ஏதோ செத்துக் கிடக்கு, பாருங்க" என்றார். கருவாடு காயும் தெருவில் இருப்பவர் அவர், அவருக்கே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகள் என்றாலே நாறும் என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. உயிரோடு இருக்கும் கிரிக்கெட்டுக்குப் பெரிய வாடை கிடையாது. அதன் கழிவு யூரிக் அமிலமாக வெளியேறுகிறது, காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் தூள். ஈரம் பட்டதும் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, கண் எரிகிற அந்த நெடி அதுதான். கூடவே செத்த பூச்சியும் அழுகிய காயும் சேர்ந்தால் வீட்டில் இருக்க முடியாது. ஆக நாற்றத்தைத் துடைப்பதைவிட ஈரத்தை விரட்டுவதுதான் வேலை. நான் இது தெரியாமல் என்னென்னவோ செய்தேன். சீமைக் கருவேலங்கரியைத் துணியில் கட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், நம் மாவட்டத்தில் கரிக்கா பஞ்சம்? இரண்டு நாள் கொஞ்சம் குறைந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, பெட்டியின் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஒரு சாண் நீளத்துக்கு ஜன்னல் வெட்டி, உள்பக்கம் வலை ஒட்டினேன். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. ஒரே வாரத்தில் நெடி போய்விட்டது. அந்த அக்கா உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போனபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

மீதி எல்லாம் பழக்கம்தான். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, விழுந்து சாகும், அந்தப் பிணம்தான் முதலில் நாறும். காரட் துண்டு போதும், ஈரத்துக்கும் அதுவே, சாயந்தரம் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். முட்டை அட்டையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் புழுக்கை தங்காது. மழைக்காலத்தில் அட்டை ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும், அதனால் அந்த மூன்று மாதம் நான் பழைய ஓலைப் பாயைத் துண்டு துண்டாக வெட்டி மடித்து நிறுத்துகிறேன். இது எதிர்பாராமல் அமைந்த நல்ல விஷயம். பனை ஓலையைக் கழுவலாம், வெயிலில் போட்டுத் திரும்பவும் உள்ளே வைக்கலாம், பூச்சிகளும் அதில் நன்றாகத் தொற்றிக்கொள்கின்றன. கொஞ்சம் கடித்தாலும் கெடுதல் இல்லை.

தீவனத்தில் ஒரு தப்பு செய்தேன். புரதம் வேண்டுமே என்று கருவாட்டுத் தூள் கலந்தேன், அந்த வாரம் முழுக்க வாடை தாங்கவில்லை. மீன் தூள் கலந்த கோழித் தீவனமும் அப்படித்தான். இப்போது கோதுமைத் தவிடு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு, மணிக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் மட்டும் முருங்கைக் கீரை. கிரிக்கெட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டியும் விடுகிறேன். முட்டையிட ஈர மண் வைக்கும் டப்பாவுக்குக் கடற்கரை மணலை மட்டும் எடுக்காதீர்கள், அதில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற்று மணலோ தேங்காய் நார்த்தூளோ போதும்.

கொசு மருந்து இன்னொரு ஆபத்து. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு திரவ மருந்தைப் போட்ட ஒரே இரவில் முந்நூறு பூச்சிகள் செத்தன. கொசுவைக் கொல்வது கிரிக்கெட்டையும் கொல்லத்தான் செய்யும். எறும்பு சாக்பீஸும் வேண்டாம், பெட்டியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு வராது. கழுவுவது எப்போதும் கொல்லைப் பக்கக் குழாயில்தான், பாத்திரம் கழுவும் இடத்தில் கூடாது. பல்லி இனங்கள் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியைச் சுமக்கும் என்பதால் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன், இங்கே ஹீட்டர் தேவையில்லை. கிரிக்கெட்டுக்கு வேண்டிய முப்பது டிகிரியை நம் கடற்கரை வருடத்தில் பெரும்பாலான மாதம் சும்மாவே கொடுக்கிறது, ஆறு எட்டு வாரத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சி வந்துவிடுகிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பனுக்கு நான் சொன்னது, இந்தப் பெட்டியை வாங்காதே என்பதுதான். மதுரையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். அந்தத் தட்டு எனக்கு இன்னும் பிடிக்கும், பெட்டியைத் தூக்கிப் போடவும் மாட்டேன். ஆனால் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி, நானே ஜன்னல் வெட்டி, மூன்று முறை வலை மாற்றிய பிறகு இது அவர்கள் செய்த பெட்டியா, நான் செய்ததா? ராமநாதபுரம் பாத்திரக் கடையில் ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு ஐப்பசிக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன். 316 வலையில் இன்னும் இரண்டு முழம் மிச்சம் இருக்கிறது, சால்டரிங் இரும்பும் இருக்கிறது.